சோபாவுக்குப் பின்னால் ஒரு குரல்

சினிமாவை வீட்டில் போட்டுப் பார்க்கும் டிஸ்க்காக மாற்றுகிற கம்பெனியில் எனக்கு ஒலிப் பிரிவில் வேலை. சுற்றிலும் ஐந்து ஸ்பீக்கர், அதிர்வுக்கு ஒரு பெரிய பெட்டி, ஆக ஆறு ஒலித்தடங்கள். கணினித் திரையில் ஒவ்வொரு தடத்துக்கும் ஒரு கட்டம் இருக்கும்; எது எங்கே கேட்க வேண்டுமோ அந்தக் கட்டத்தில் அதைப் போட்டு அனுப்ப வேண்டும். பேச்சு முன்னால் நடுவில், மழை பின்னால். பதினோரு வருடத்தில் நான் செய்த ஒரு டிஸ்க்கும் குறை என்று திரும்பி வந்ததில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

கம்பெனியில் ஒரு வழக்கம். மாதிரி டிஸ்க்கை ஒரு சாதாரண வீட்டில் ஓட்டிக் கேட்டு 'சரி' சொன்ன பிறகுதான் தொழிற்சாலையில் அச்சடிப்பார்கள். இந்தப் படத்துக்கு இயக்குநர் கடைசி நிமிடத்தில் இரண்டு தடங்களைத் திருத்திக் கொடுத்தார். அவசரமாகக் கட்டத்தில் போட்டுவிட்டு, மாதிரியை வீட்டுக்கு எடுத்து வந்தேன். சனிக்கிழமை நாலு மணிக்குள் நான் சரி சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் நாலாயிரம் டிஸ்க். அப்புறம் தலைகீழாக நின்றாலும் மாற்ற முடியாது.

வீட்டு ஸ்பீக்கர்களைப் போன வாரம்தான் என் கணவர் மாட்டினார். அவர் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்துகிறவர். ஒருமுறை அவர் ஒயர் மாற்றியதில், வாசலில் மணி அடித்தால் குளியலறை விளக்கு எரிந்தது. அந்தச் சனிக்கிழமை விருந்தாளியாக வந்திருந்த என் நாத்தனார் அதை இன்னும் மறக்கவில்லை.

டிஸ்க்கைப் போட்டேன். திரையில் கதாநாயகி வாயைத் திறந்தாள். குரல் சோபாவுக்குப் பின்னால் கேட்டது. மழை முன்னால் நட்டநடுவில் கொட்டியது. நாத்தனார் திரும்பி, பின்னால் யார் என்று பார்த்தாள். அப்புறம் அண்ணனை ஒரு வழி பண்ணிவிட்டாள். என் பங்குக்கு நானும் சேர்ந்துகொண்டேன். அவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு சோபாவுக்குப் பின்னால் நுழைந்தார்.

அரை மணி நேரம் கழித்துத் தலையில் ஒட்டடையோடு வெளியே வந்தார். மறுபடி ஓட்டினோம். பேச்சு நடுவில், மழை பின்னால், எல்லாம் கச்சிதமாக இருந்தது. மணி மூன்றே முக்கால். நிம்மதியாகப் போனை எடுத்து, தொழிற்சாலை சூப்பர்வைசரைக் கூப்பிட்டேன். அதற்குள் நாத்தனார் என் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, தான் கொண்டு வந்த சிரிப்புப் படத்தைப் போட்டாள்.

அதன் முதல் ஜோக்கே சோபாவுக்குப் பின்னாலிருந்து வந்தது.

கடையில் விற்கிற டிஸ்க்கில் பேச்சு பின்னால் கேட்காது. கணவர் மாட்டிய ஒயர் முதலிலேயே சரி. அந்த இரண்டு தடங்களையும் கட்டம் மாற்றிப் போட்டவள் நான்.

"சொல்லுங்க மேடம், அச்சடிச்சிடலாமா?" என்றார் சூப்பர்வைசர்.

"வேண்டாம், நிறுத்திடுங்க. தப்பு என்னோடது. திங்கட்கிழமை வேற டிஸ்க் தர்றேன்."

அவர் சாதாரணமாகச் சரி என்றார். போனை வைத்துவிட்டு இரண்டு பேரிடமும் விஷயத்தைச் சொன்னேன். நாத்தனார் ரிமோட்டை எடுத்துச் சிரிப்புப் படத்தை நிறுத்தினாள்.

எனக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. "ஏங்க, உள்ள போய்ப் பார்த்தப்பவே ஒயர் சரியாத்தான் இருக்குன்னு தெரியலையா?"

"தெரிஞ்சுதே. ஸ்பீக்கரோட வந்த புத்தகத்துல போட்டிருந்த மாதிரியே அச்சு அசலா இருந்துச்சு."

"அப்புறம் எதுக்கு மாத்துனீங்க?"

"நீ பண்ணின டிஸ்க் ஆச்சே," என்றார். "புத்தகத்துலதான் தப்பாப் போட்டிருப்பான்னு நினைச்சேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. அவர் தலையில் இருந்த ஒட்டடையை எடுத்துவிட்டு, டார்ச்சை வாங்கிக்கொண்டேன். இந்தத் தடவை சோபாவுக்குப் பின்னால் நுழைந்தது நான்.