சர்வருக்கு வெளியிலிருந்து ஒரு வழி

நான் நடத்தும் போல்ட் கம்பெனியில் நாற்பது பேர் வேலை பார்க்கிறார்கள். அவர்களில் ஒருவரையும் நான் முழுசாக நம்பியதில்லை; என் மகனையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். கம்பெனிக் கணக்கெல்லாம் இருக்கும் சர்வர் கம்ப்யூட்டர் என்ன செய்கிறது என்று எனக்குப் புரியாது, அது நின்றால் லாரி கிளம்பாது என்று மட்டும் தெரியும். அதனால் அது இருக்கும் அறையின் சாவியை யாரிடமும் கொடுப்பதில்லை.

சர்வரைப் பார்த்துக்கொள்பவளை எல்லாரும் சர்வரம்மா என்பார்கள். ஐந்து மாதக் கர்ப்பம். பிரசவம் வரை படுக்கையை விட்டு எழக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டிலிருந்தே இன்டர்நெட் வழியாகச் சர்வருக்குள் வந்து வேலை செய்ய வழி போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். மகனோ அதற்குள் வேறொரு ஆளைப் பேசி வைத்துவிட்டான். சனிக்கிழமைக்குள் வழி சரியாக வராவிட்டால் திங்கட்கிழமை அந்த ஆள் வந்து உட்காருவான், இவள் வேலை போகும்.

எனக்கு இரண்டுமே பிடிக்கவில்லை. நீ வரலாம் என்றால் திருடனும் வரலாமே என்று அவளிடம் கேட்டேன். தன் வீட்டு இணைப்பைத் தவிர வேறெதற்கும் கதவு திறக்காது, அதற்கு மேல் கடவுச்சொல், அதற்கும் மேல் போனில் வரும் எண் என்று பொறுமையாகச் சொன்னாள். தலையை ஆட்டினேன். நம்பவில்லை.

நடுவில் மகன் குட்டையைக் குழப்பினான். சர்வரைப் பராமரிக்க ஒரே நேரத்தில் இரண்டு பேர் வரை வெளியிலிருந்து வர, காசு கட்டி வாங்கும் தனி லைசென்ஸ் வேண்டாமாம். விற்பனைப் பிரிவு ஆட்களும் அப்படி வேலை செய்ய வேண்டுமானால் ஆளுக்கொன்று வாங்க வேண்டுமாம். நண்பனிடம் உடைத்த லைசென்ஸ் ஓசியில் கிடைக்கிறது, அதைப் போட்டுவிடு என்று அவளிடம் சொன்னான்.

“திருட்டு லைசென்ஸ் போட்ட மெஷினுக்கு நான் பொறுப்பு ஏத்துக்க மாட்டேன் சார். முறைப்படி வாங்கிக் கொடுங்க, போடுறேன்” என்றாள்.

வேலையே ஊசலாடுகிற நேரத்தில் முதலாளி மகனிடம் இப்படிப் பேச வாய்க்கொழுப்பு வேண்டும், இல்லை நெஞ்சுரம் வேண்டும். எது என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை காலை சர்வர் அறையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். ஒரு கையில் போன். இன்னொரு கை, ஏதாவது கோளாறு என்றால் பிடுங்கிவிடுவதற்காக, இன்டர்நெட் ஒயரின் மேல். அவள் வீட்டிலிருந்து உள்ளே வந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே செய்தாள். கடைசியாக, மற்ற எல்லாருக்கும் கதவை அடைத்து, தன் வீட்டு இன்டர்நெட் இணைப்பின் முகவரி எண்ணுக்கு மட்டும் திறந்து வைக்கும் வேலை. அதைச் செய்ததும் போனில் சொன்னாள்.

“ஐயா, என் முகவரியில ஒரு எண்ணைத் தப்பா அடிச்சுட்டேன். நானே என்னை வெளிய வச்சுப் பூட்டிக்கிட்டேன்.”

“அப்ப எல்லாம் போச்சா?”

“இல்லைங்கய்யா. எதையும் தொடாதீங்க. மாத்துறதுக்கு முன்னாடியே மெஷின்கிட்ட சொல்லி வச்சிருக்கேன். பத்து நிமிஷத்துல நான் சரின்னு சொல்லலைன்னா அதுவே பழையபடி மாத்திக்கும்.”

கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். பதினொன்றாவது நிமிடம், “வந்துட்டேன்” என்றாள். எண்ணைத் திருத்தினாள், மறுபடி அதே பத்து நிமிட ஏற்பாட்டை வைத்துவிட்டுக் கதவை மாற்றினாள். இந்த முறை சரியாக நின்றது.

கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து, தப்பு என்னுடையது என்று என் முகத்துக்கு நேரே சொன்னவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். ஒயர் சரியில்லை, இன்டர்நெட் சரியில்லை என்று அவள் சொல்லியிருந்தால் எனக்கு என்ன தெரியப்போகிறது?

மகன் வந்து விசாரித்தான். சொன்னேன். தப்பு பண்ணவளையா வேலைல வச்சுக்கப்போறீங்க என்று இளித்தான்.

“தானும் தப்பு பண்ணிடுவோம்னு தெரிஞ்சு, அதுக்கும் வழி வச்சுட்டு வேலை பாக்குறாடா. உன் ஆளு அப்படிச் செய்வானா?” என்றேன்.

விற்பனைப் பிரிவுக்கு வேண்டிய லைசென்ஸை அவள் சொல்கிறபடி கடையிலிருந்து ரசீதோடு வாங்கி வரும்படி அவனிடமே சொன்னேன். புது ஆளுக்கு நானே போன் போட்டு வர வேண்டாம் என்றேன். பிறகு அவளைக் கூப்பிட்டேன். பாராட்டிப் பேசி எனக்குப் பழக்கமில்லை.

“திங்கக்கிழமை ஒன்பது மணிக்கு வேலை. படுத்துக்கிட்டே பாரு. எழுந்திரிச்சு நடமாடுறதா கேள்விப்பட்டேன்னா, வேலை போயிடும்.”

சரிங்கய்யா என்று சிரித்தாள். போனை வைத்துவிட்டேன்.