ஒரே நாக்கில் ஒளியும் ஒலியும்

1

இந்தக் கதையை முதலில் வாயால்தான் சொல்லிப் பார்த்தேன், கண்ணுங்களா. பாதியில் எனக்கே குழம்பிவிட்டது. ஒளி, ஒலி இரண்டும் என் நாக்கில் ஒரே இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. எங்கள் பக்கத்தில் முக்கால்வாசிப் பேருக்கு அப்படித்தான். தாளிலாவது பிரிந்து நிற்கட்டும் என்று எழுதுகிறேன்.

2

"அம்பத்தூர் கண்விழித்தபோது யுவராணி..."

வேண்டாம். அம்பத்தூர் எப்போது தூங்கியது?

யுவராணி மண்ணூர்பேட்டையில் ஒரு கம்பெனியில் பேக்கிங் பார்ப்பவள். எட்டாவதோடு நின்று, தனித்தேர்வில் பத்தாவதை மனப்பாடத்தால் தாண்டி, பிளஸ் டூவில் வணிகவியல் முடித்தவள். இப்போது இயற்பியல் வேண்டும் என்கிறாள். ஏனம்மா என்றேன்.

"மத்த பாடம்லாம் எவ்ளோன்னு சொல்லுது. இது ஏன்னு சொல்லுது."

இயற்பியல் படிக்காதவர்களையும் நேரில் பேசிப் பார்த்துச் சேர்க்கும் கல்லூரி ஒன்றை அவளுக்காகக் கட்டினேன். (கதையில் கட்டடம் கட்ட அனுமதி வாங்க வேண்டியதில்லை.) திங்கட்கிழமை நேர்முகம். ஒரே வாய்ப்பு. விதியை எழுதியது நான்தான். தளர்த்தினால் அவளே கோபித்துக்கொள்வாள்.

3

ரயில் கூட்டத்தில் புத்தகம் பிரிக்க முடியாது. பாடங்களைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்டாள். பாடம் நடத்தியவருக்கும் நம் நாக்குதான்.

"இன்னாடி, பாட்டா?" என்றாள் கூட வேலை செய்யும் பானுப்பிரியா.

"பாடம். நட்சத்திரத்துலேந்து ஒலி கெளம்பி நம்மாண்ட வர வருசக்கணக்கா ஆவுதாம்."

[பாடம் சொன்னது கண்ணால் பார்ப்பதை. அவள் மனதில் இருந்தது காதால் கேட்பதுதான்.]

"அப்ப நம்ம சூப்பர்வைசர் காலைல கத்துனது?"

"நிலாவத் தாண்டிருக்கும்."

"போவட்டும். அங்கயாச்சும் யாருனா பயப்புடுவாங்க."

அந்த வாரமெல்லாம் விளக்கு வைக்கிற நேரத்தில் யுவராணி மொட்டைமாடியில் நின்று வானத்தைக் கேட்டாள். ஆவடிப் பக்கம் முதல் நட்சத்திரம் முளைக்கும்போது ஒரு மெல்லிய ரீங்காரம் வந்தது. எங்கோ, என்றோ கிளம்பியது, இப்போதுதான் வந்து சேர்கிறது. கண்ணை மூடிக்கொண்டாள்.

[எதிர் வீட்டு ஏசி. அவளிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.]

4

சனிக்கிழமை, அண்ணனூரில் சிக்னலுக்காக ரயில் நின்றது. தூரத்தில் பணிமனை ஓரமாக ஒருவர் தண்டவாளத்தைச் சம்மட்டியால் அடித்துக்கொண்டிருந்தார். சம்மட்டி இறங்கியது. சத்தமில்லை. அது மறுபடி மேலே எழும்போதுதான் வந்தது, ணங்.

"பானு, ரெண்டும் ஒண்ணுன்னா ஏண்டி தனித்தனியா வருது?"

"எது?"

யுவராணி காதில் இருந்ததைக் கழற்றினாள். கண்ணுக்கு வந்தது முன்னால், காதுக்கு வந்தது பின்னால். அப்படியானால் கேட்ட பாடம் அத்தனையிலும் எது எதுவென்று பிரித்தாக வேண்டும். நடுவில் ஒரே ஒரு ஞாயிறு.

இங்கே "அவள் அழுதாள்" என்று எழுதி அடித்துவிட்டேன். அவள் சுண்டல் வாங்கித் தின்றுவிட்டு, ஞாயிறு முழுக்கப் புத்தகத்தை எழுத்தெழுத்தாகப் படித்தாள்.

5

திங்கட்கிழமை. பேராசிரியர் ஹேமநாதன் அன்பாகத்தான் கேட்டார்.

"ஒலி வெற்றிடத்துல போவுமாம்மா?"

ஐயோ, அவருக்கும் நம் நாக்கு.

முடிவு ஒன்று: "போவும்" என்றாள், அவர் முகம்... இல்லை.

முடிவு இரண்டு: "போவாது" என்றாள். இதுவும் வேண்டாம். பூவா தலையா போட்டு அவளை உள்ளே அனுப்ப எனக்கு விருப்பமில்லை.

யுவராணி நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள்.

"எது சார்? பாக்குறதா, கேக்குறதா?"

அவர் சிரித்தாரா, முகம் சுளித்தாரா? அதை நான் எழுதப் போவதில்லை. கண்ணுங்களா, அவர் நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். இரண்டுக்கும் அவளிடம் பதில் இருக்கிறது. எதைக் கேட்கப்போகிறீர்கள்?