லோரெட்டாவின் வண்டிக்கு எட்டு போல்ட்

லோரெட்டாவின் டிரக் இன்ஜின் பிப்ரவரியில் செத்தது. எனக்கு உள்ளூரச் சந்தோஷம். அரிசோனாப் பாலைவன முகாமில் மூன்று குளிர்காலமாக அவளுடைய ட்ரெய்லர் வீடும் என்னுடையதும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. காலைக் காபியை அவள் போடுவாள், குறை நான் சொல்வேன். இழுக்க வண்டி இல்லாமல் எங்கே போய்விடுவாள் என்று நிம்மதியாக இருந்தேன்.

அவளோ ஒரே வாரத்தில் மாட்டுப் பண்ணைக்காரன் ஒருவனிடம் வேறு டிரக் வாங்கி வந்து நிறுத்தினாள். அதன் பின்தொட்டி நடுவில் இரும்பு உருண்டை. அவள் ட்ரெய்லரின் மூக்குக்கு அடியில் தொங்குவதோ பழைய டிரக்கின் தட்டில் செருகுகிற தடித்த இரும்பு முளை. இரண்டும் ஜென்மத்துக்கும் சேராது.

“ஆரின், நீ வெல்டர்தானே? மாத்திக் குடு. என் தங்கச்சி மார்ஜிக்கு வர்ற வெள்ளிக்கிழமை இதய ஆபரேஷன். அதுக்கு முன்னாடி நாலு நாளாவது அவகூட இருக்கணும்,” என்றாள். மார்ஜி ஐடஹோவில் இருக்கிறாள். அங்கே இரண்டு நாள் ஓட்ட வேண்டும். அன்று சனிக்கிழமை.

அந்த முளையிலேயே நீளக் குழாயை மாட்டி உருண்டைக்கு எட்ட வைக்கிற சோம்பேறிகள் உண்டு. ட்ரெய்லரின் இரும்புச் சட்டம் முறுக்கிக்கொண்டு விரிசல் விடும். முறைப்படி முளை தொங்கும் பெட்டி மொத்தத்தையும் கழற்றி, உருண்டைமேல் கவிழ்கிற கிண்ணம் வைத்த பெட்டியைப் பூட்ட வேண்டும். எட்டு போல்ட், அரை நாள் வேலை. கிண்ணப் பெட்டி அன்றைக்கே பழைய இரும்புக் கடையில் கிடைத்தது; வாங்கி வந்து போட்டேன்.

“ஓட்டை ஒத்துவரலை, வேற வரவழைக்கணும்,” என்றேன். பச்சைப் பொய்.

திங்கட்கிழமை கேட்டாள். “அவசரத்துல அண்டாவுக்குள்ள கை போகாது, தாயே,” என்றேன்.

“யோவ், நீ வெல்டரா, ஜோசியனா? நாள் பாத்துக்கிட்டே இருக்க!”

சிரித்துச் சமாளித்தேன். செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவள் கையில் போல்ட்டோடு வந்து நின்றாள். சிரிப்பு இல்லை.

“எட்டு ஓட்டையிலயும் விட்டுப் பாத்துட்டேன். எட்டும் போகுது.”

நான் தொப்பியைக் கழற்றினேன்.

“எதுக்குய்யா?”

“நீ போயிடுவேன்னுதான்,” என்றேன்.

அவள் போல்ட்டை என் கையில் வைத்துவிட்டுப் போனாள். அன்று பொழுது சாய்வதற்குள் வேலையை முடித்தேன். பெட்டியைப் பூட்டி, பூட்டு விட்டால் தாங்குகிற காப்புச் சங்கிலிகளையும் வெல்டு வைத்தேன். வாழ்க்கையில் அத்தனை சுத்தமாக நான் எதையும் பூட்டியதில்லை. வெட்கம் கையை ஒழுங்காக வேலை செய்ய வைக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

புதன் காலை ட்ரெய்லரைப் பூட்ட அவள் டிரக்கைப் பின்னால் எடுத்தாள். மன்னிப்புக் கேட்க நான் விடியுமுன்பே எழுந்து காத்திருந்தேன். ஆனால் எங்கள் முகாமில் ஒரு கட்டுப்பாடு: வண்டி பூட்டுகிறவரிடம் யாரும் பேசக் கூடாது. பேச்சில் ஒரு பூட்டு மறந்தால் வீடு நடுரோட்டில் கிடக்கும். ஆகவே வாயை மூடிக்கொண்டு நின்றேன். கிண்ணத்தை உருண்டைமேல் இறக்கினாள். தாழ்ப்பாளைத் திருப்பி, அது திறக்காதபடி ஊசி போட்டாள். சங்கிலி இரண்டையும் மாட்டினாள். ஒருமுறைகூட என் பக்கம் திரும்பவில்லை. கடைசியாக ட்ரெய்லர் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு டிரக்கை முன்னால் இழுத்துப் பார்த்தாள். பிடித்தது. ஒரு நூல்கூட அசையவில்லை.

ஜன்னலை இறக்கினாள்.

“சனிக்கிழமையே உண்மையைச் சொல்லியிருந்தா, ‘நீயும் வாய்யா’ன்னு கூப்பிட்டிருப்பேன். தனியா ஓட்டப் பயமாத்தான் இருந்துச்சு. இப்ப கூப்பிடமாட்டேன், ஆரின். மார்ஜியோட நாலு நாள்ல மூணை எடுத்துட்ட.”

இப்போது பேசலாம். பூட்டு வேலை முடிந்துவிட்டது. மன்னிச்சுக்கோ என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

“அம்பது மைல் போனதும் போல்ட்டை ஒருதடவை முறுக்கிடு,” என்றேன்.

“தெரியும்,” என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டாள்.