வீட்டிலிருந்து திறக்காத படங்கள்

வானத்திலிருந்து நிலத்தைப் படம் பிடித்து, வரைபடமாக்கிக் கொடுக்கிற கம்பெனி அது. ஒவ்வொரு படமும் ராட்சத அளவு. எனவே துண்டு துண்டாக வெட்டி, ஓர் அறை நிறைய நின்ற சர்வர்களில் பிரித்துப் போட்டிருந்தார்கள். எந்தத் துண்டு எங்கே இருக்கிறது என்று தலைமை சர்வருக்குத் தெரியும். இந்த மந்தையைக் கட்டி மேய்ப்பவள் அவள்.

அவளுக்கு மேலதிகாரி, அவளுடைய பெரியம்மா மகன். வீட்டில் அண்ணன், ஆபீசில் சார். வேலை தெரிந்தவர் என்று சொல்வதற்கில்லை. வேலை முடிகிற நேரத்தில் பக்கத்தில் வந்து நிற்கத் தெரிந்தவர்.

அண்ணன் ஒரு கருத்தரங்குக்குப் போய்விட்டு வந்தார். வந்த சூட்டோடு முதலாளியிடம், "இனிமே நம்ம ஆளுங்க வீட்ல இருந்தே படத்தைத் திறக்கலாம் சார், வெள்ளிக்கிழமை காட்டறேன்" என்று வாக்குக் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் அவளுக்குச் சொன்னார்.

"எந்த வெள்ளிக்கிழமை?" என்றாள்.

"இந்த வெள்ளிதான். ஒரு வழியைத் திறந்து விடறதுக்கு எவ்வளவு நேரம் ஆகப் போகுது?"

"திறக்கறது சுலபம்ணா. உள்ள வர்றது யாருன்னு பாக்கறதுதான்..."

"ஆபீஸ்ல அண்ணான்னு கூப்பிடாதம்மா."

பழைய படங்களின் நகல்களைத் தனியாக ஒரு சின்ன சர்வர் கூட்டத்தில் போட்டு, அதன் தலைமை சர்வருக்கு வெளியிலிருந்து வழி வைத்தாள். அன்று சாயங்காலமே அண்ணன் தன் வீட்டு லேப்டாப்பில் இணைந்தார். படங்களின் பெயர்களெல்லாம் வரிசையாக வந்து நின்றன. உடனே கம்பெனி முழுவதற்கும் ஒரு மெயில் பறந்தது: 'என் தலைமையில் சாதித்துவிட்டோம்.' அதன் பிறகுதான் ஒரு படத்தைத் திறந்து பார்த்தார். சக்கரம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

"பேரெல்லாம் வருது, படம் வரலையே?" என்று போனில் கேட்டார்.

"தலைமை சர்வர், துண்டு இருக்கற இடத்துக்கு விலாசம் குடுக்குது. அது ஆபீசுக்குள்ள மட்டும் செல்லுபடியாகற விலாசம். 'சன்னலோரம் ரெண்டாவது மேசை'ன்னு சொன்னா, உங்க வீட்ல தேடினா கிடைக்குமா?"

அண்ணன் யோசித்தார். ஒருவேளை சன்னல் பக்கம் பார்த்திருக்கவும் கூடும்.

"அப்போ எல்லா சர்வருக்கும் வழி திறந்திடு."

"வெளியில செல்லுபடியாகற விலாசமா மாத்தி, வழியும் திறந்திடறேன். ஆனா சரிபார்ப்பு வைக்கணும். இப்போ யாரு என்ன பேர் சொன்னாலும் சர்வர் நம்பிடும். ஆபீசுக்குள்ள நம்ம ஆளுங்கதானேன்னு விட்டிருந்தோம்."

"பாஸ்வேர்ட் கேட்டா முதலாளிக்குக் கோபம் வரும். முதல்ல காட்டுவோம். பாதுகாப்பை அப்புறம் பாத்துக்கலாம்."

இதில் உள்ள ஆபத்தையெல்லாம் விளக்கி மெயில் எழுதினாள். பதிலுக்கு உயர்த்திய கட்டைவிரல் படம் ஒன்று வந்தது.

வெள்ளிக்கிழமை முதலாளி அவர் வீட்டில், அண்ணன் தன் வீட்டில், அவள் ஆபீசில். மூவரும் திரையில் முகம் காட்டினார்கள். முதலாளி ஒரு படத்தைத் தொட்டார். ஆறும் வயலும் பளிச்சென்று விரிந்தன. அண்ணனின் முகம் அதைவிடப் பளிச்சென்றிருந்தது.

"வேற யாராவது உள்ள வர முடியுமா?" என்று கேட்டார் முதலாளி.

"சான்ஸே இல்ல சார்."

அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்த ஓட்டை அப்படியே நிஜப் படங்களுக்கும் போய்விடும். திறந்தால் பெரியம்மா போன் பண்ணுவாள். பெரியம்மாவைச் சமாளித்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்து, சத்தமில்லாமல் தட்டச்சு செய்தாள்.

முதலாளியின் திரையில் புதிதாக ஒரு ஃபோல்டர் முளைத்தது. உருவாக்கியவர் என்ற இடத்தில் அவர் பெயரே இருந்தது.

"இதை யாரு பண்ணது?"

"நீங்கதான் சார்" என்றாள். "அதாவது, நான்தான் முதலாளின்னு சொன்னேன். சர்வர் நம்பிடுச்சு."

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் முதலாளி ஆகறதுக்கு அரை ஆயுசு ஆச்சும்மா."

"இதைக் காட்டத்தான் சார் இப்படி ஏற்பாடு பண்ணச் சொன்னேன்" என்றார் அண்ணன், கண் கூட இமைக்காமல்.

வழி அன்றே மூடப்பட்டது. வேண்டிய நேரம் எடுத்துக்கொள்ளச் சொன்னார் முதலாளி. அவள் ஆளுக்கொரு பாஸ்வேர்ட், அடையாளச் சரிபார்ப்பு, வெளியே போகிற துண்டுகளுக்குப் பூட்டு என்று ஒவ்வொன்றாக வைத்து, நிஜப் படங்களைத் திறந்துவிட்டாள். வேலை கச்சிதமாக நடந்தது. அண்ணன் அடுத்த கருத்தரங்கில் பாதுகாப்பைப் பற்றிப் பேசி மாலை வாங்கிக்கொண்டு வந்தார்.

எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கத் தொடங்கினார்கள். ஆபீஸ் காலியானது. அவளுக்கு மட்டும் அந்த வசதி கிடைக்கவில்லை. சர்வர்களுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டுமே.

ஒரு நாள் காலையில் அண்ணன் போன் செய்தார். பின்னால் மிக்ஸி ஓடும் சத்தம்.

"வீட்ல இருந்து வேலை பாக்கறது எவ்வளவு நிம்மதியா இருக்கு தெரியுமா? ஒரு உதவிம்மா. என் ரூம்ல ஒரு தொட்டிச்செடி இருக்கு. கொஞ்சம் தண்ணி ஊத்திடேன்."

"சரிண்ணா" என்றாள். இந்த முறை அவர் திருத்தவில்லை.

செடிக்குத் தண்ணீர் ஊற்றினாள். பிறகு அவருடைய சாய்வு நாற்காலியை உருட்டிக்கொண்டு போய்த் தன் மேசைக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தாள். முதுகுக்கு நன்றாகத்தான் இருந்தது.