ஓர்பாள் போன வழி

1994ஆம் ஆண்டு செப்டம்பர் மாதக் கடைசி ஞாயிறன்று, மேட்டுப்பாளையத்திலிருந்து கருமத்தம்பட்டிக்குப் பெண் கேட்டு வந்தவர்களைச் சின்னாத்தாள் காப்பி கொடுத்துத் திருப்பி அனுப்பினாள். அவர்கள் கேட்டு வந்தது அவள் மகளை அல்ல, மருமகளை. சின்னாத்தாளின் ஒரே மகன் முந்தின வருஷம் அவிநாசி ரோட்டில் லாரி மோதி இறந்துபோயிருந்தான். அவன் மனைவி இனியாவுக்கு இருபத்து நான்கு வயது. மாமியாரும் மருமகளும் ஒரே விசைத்தறிக் கூடத்தில் நூல் சுற்றினார்கள். ஒரே தூக்குப்போசியில் சோறு கொண்டுபோய்ச் சாப்பிட்டார்கள்.

செய்தி மறுநாள் பள்ளிக்கூடத்தில் ஜீவரத்தினம் டீச்சரிடம் வந்து சேர்ந்தது. சத்துணவு சமைக்கும் மாசாணம் சொன்னாள்.

"நல்ல எடமுங்க டீச்சர். மாப்பிள்ளை காய்கறி மண்டியில கணக்கு எழுதறாராம். மொதத் தாரம் தவறிப்போச்சு, கொழந்தை இல்லே. இனியாளுக்கும் மனசுதான். இந்தச் சின்னாத்தாக்காதான் மொதல்ல சரின்னுட்டு, இப்பக் கையை விரிச்சுப்போட்டா."

"ஏனாம்?"

"எல்லாம் உங்க கதைதானுங்க!" மாசாணம் சிரித்தாள். "ஓர்பாளுக்கு ஆன கதி எம் மருமவளுக்கும் ஆகோணுமாங்கறா."

ஜீவரத்தினம் கையிலிருந்த சாக்பீஸைக் கீழே வைத்தாள்.

பைபிளில் ஓர்பாளுக்கு அதிக இடம் கிடையாது. புருஷனை இழந்த இரண்டு மருமகள்கள். ரூத் மாமியாருடன் பெத்லகேமுக்குப் போகிறாள். ஓர்பாள் மாமியாரை முத்தமிட்டுத் தன் மோவாப் தேசத்துக்கே திரும்பிவிடுகிறாள். அதற்குப் பிறகு அவளைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. அந்த மௌனம்தான் ஜீவரத்தினத்தைப் பிடித்துக்கொண்டது. சபையின் மாதப் பத்திரிகையில் ஓர்பாளைப் பற்றி அவள் தொடர்கதை எழுதத் தொடங்கினாள். வாற்கோதுமை அரைக்கும் கல், ஆட்டுத்தோல் தண்ணீர்ப்பை, மோவாபின் செம்மண் மேடு என்று ஒவ்வொன்றையும் தேடிப் படித்து எழுதினாள். தெரியாததைப் பக்கத்திலிருந்தே எடுத்துக்கொண்டாள். மோவாபுக்குப் போகும் வழியில் பறந்த புழுதி சோமனூர்ப் பாதையின் புழுதி. ஞாயிறு பிரசங்கத்தில் கண் அயர்கிற பெண்கள்கூட இந்தக் கதைக்கு நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். மூவாயிரம் வருஷத்துக்கு முந்தைய ஒருத்திக்குக் குடம் கனத்தது, குதிகால் வெடித்தது என்று கேட்டதும், வேதம் தங்கள் தெருவுக்கே வந்துவிட்டதாக அவர்களுக்குப் பட்டது.

ஆனால் ஓர்பாள் ஊர் திரும்பி மறுகல்யாணம் செய்து நன்றாக வாழ்ந்தாள் என்று எழுதினால் கதை அங்கேயே நின்றுவிடும். எனவே ஜீவரத்தினம் அவளை நன்றாக வாழ விடவில்லை. அவள் வயிறு திறக்கவில்லை. அவள் நீர் மொண்ட கிணறெல்லாம் வற்றியது. கடைசிக் காலத்தில் வாசற்படியில் உட்கார்ந்து பெத்லகேம் வழியையே பார்த்திருந்தாள். அந்த அத்தியாயத்தை முந்தின வாரம் வியாழக்கிழமைப் பெண்கள் கூட்டத்தில் ஜீவரத்தினமே வாசித்தாள். முதலில் வேதபாடம், அடுத்து தொடர்கதை, இரண்டும் ஒரே குரலில். கேட்டவர்கள் அழுதார்கள். எப்படி டீச்சர் இப்படி எழுதறீங்க என்று கேட்டபோது, சபையில் யாரும் சொல்லும் பதிலையே அவளும் சொன்னாள். "நான் எங்க எழுதறேன்? ஆண்டவர் சொல்றார், எழுதறேன்."

மாசாணம் சொன்ன அன்று சாயங்காலமே ஜீவரத்தினம் சின்னாத்தாள் வீட்டுக்குப் போனாள்.

"வாங்க டீச்சர், உக்காருங்க. இனியா, டீச்சருக்குக் காப்பி வை கண்ணு."

ஜீவரத்தினம் சுற்றி வளைக்கவில்லை. "சின்னாத்தாக்கா, அந்தக் கிணறு வத்தினது, புள்ளை இல்லாமப் போனது, எதுவும் பைபிள்ல இல்லீங்க. நான் எழுதினது."

"நீங்க எழுதினதுன்னு தெரியாதுங்களா? எனக்குப் படிக்கத் தெரியாதுன்னாலும் உங்க பேரு போட்டிருக்குன்னு இவ சொன்னாளே."

"அப்பறம் ஏன் பயப்படறீங்க?"

"ஆண்டவர் சொல்லித்தான் எழுதறேன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க. அத்தனை பொம்பளைங்க முன்னாடி."

"அது... பேச்சுக்குச் சொல்றதுங்க."

சின்னாத்தாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "ஆண்டவர் பேரைப் பேச்சுக்குச் சொல்லுவீங்களா டீச்சர்? நீங்களா? எம் மருமவ மேல எரக்கப்பட்டு இப்ப மாத்திச் சொல்றீங்க. எனக்கு மட்டும் அவ மேல எரக்கம் இல்லீங்களா? பையன் போனதுக்கப்பறம் எனக்குக் கஞ்சி ஊத்துனது அவ. அவ போற ஊட்டுல கெணறு வத்தி நிக்கோணுமா?"

"ரூத்தும் மறுகல்யாணம் செஞ்சவதானே?"

"மாமியாகூடவே இருந்துதானுங்களே செஞ்சா. இந்த ஊர்லயே ஒரு பையனைக் காட்டுங்க, நாளைக்கே கட்டி வெக்கறேன்."

காப்பி டம்ளருடன் வந்த இனியா சமையலறை வாசலில் நின்றுவிட்டாள். சின்னாத்தாள் திரும்பி அவளைப் பார்த்தாள். பிறகு சொன்னாள். "ஒண்ணு செய்யுங்க. எங்க சொன்னீங்களோ அங்கயே சொல்லுங்க. வியாழக்கெழமை கூட்டத்துல எந்திரிச்சு, ஆண்டவர் சொல்லலே, நானாத்தான் கட்டுனேன்னு சொல்லிப்போடுங்க. நான் நம்பறேன். மேட்டுப்பாளையத்துக்காரங்க ஐப்பசி வரைக்கும் பொறுக்கறோம்னு சொல்லியிருக்காங்க. நானே ஆள் அனுப்பறேன்."

சந்துமுனை வரை இனியா கூட வந்தாள்.

"சொல்லுவீங்களா டீச்சர்?"

"சொல்றேன் கண்ணு."

"அந்த மேட்டுப்பாளையத்துக்காரரு ஒருக்கா நம்ம சபைக்கு வந்திருந்தாருங்க," என்றாள் இனியா. திரும்பி நடந்தாள்.

வியாழக்கிழமை கூட்டம் வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தது. ஜீவரத்தினம் ஒரு வாக்கியத்தை மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஜெபம் முடிந்ததும் பாஸ்டரம்மா எழுந்தார்.

"ஒரு சந்தோஷச் செய்தி. நம்ம டீச்சரோட தொடர்கதையைக் கோயமுத்தூர்ல புஸ்தகமாப் போடறாங்க. இதுக்கு முன்னாடி நம்ம சபையில யாருக்கு இந்தக் கிருபை கெடைச்சுது? டீச்சர் இப்ப சாட்சி சொல்லுவாங்க. ஆண்டவர் எப்படிப் பேசினார், எப்படி எழுத வெச்சார்னு சொல்லுங்க டீச்சர்."

பெண்கள் ஸ்தோத்திரம் என்றார்கள். முன்வரிசையில் யாரோ அதற்குள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஜீவரத்தினம் எழுந்தாள். கதவோரத்தில் சின்னாத்தாளும் இனியாவும் உட்கார்ந்திருந்தார்கள். சின்னாத்தாள் நன்றாகக் கேட்பதற்காக முக்காட்டைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டாள். பாடம் கேட்கும் பிள்ளைபோல இனியா இவள் வாயையே பார்த்தாள்.

நானாகக் கட்டினது. மூன்று சொல்கூட இல்லை. புத்தகமே வராமல் போகலாம். இனி வேதபாடம் வாசிக்க அவளைக் கூப்பிடாமல் விடலாம். அவ்வளவுதான் நஷ்டம், இந்தப் பெண்ணின் முழு ஆயுசுக்கு எதிரில். அது அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

"என்னால ஆனது எதுவும் இல்லீங்க," என்றாள். "எல்லாம் ஆண்டவருடைய கிருபை."

உட்கார்ந்தாள். பக்கத்திலிருந்தவள் அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். கதவோரம் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசிப் பாட்டுப் பாடும்போது பார்த்தாள். சின்னாத்தாள் கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தாள். இனியா பாடவில்லை.

மேட்டுப்பாளையத்து மாப்பிள்ளைக்குக் கார்த்திகையில் அன்னூரில் பெண் முடிவாயிற்று. ஜீவரத்தினத்தின் புத்தகம் கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் வெளிவந்தது. சின்னாத்தாள் ஒரு பிரதி வாங்கினாள். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் இனியா அதை அவளுக்கு வாசித்துக் காட்டுகிறாள்.