ஆளுக்கு முன் வரும் மெட்டு

குருநகரில் ஆட்கள் வருவதற்கு முன்னால் அவரவர் மெட்டு வந்து சேரத் தொடங்கியது, கத்தரீனா ஜெர்மன் நாடகத்தின் இரண்டாம் இரவைப் பார்த்து முடித்த கிழமையில்தான். அந்தக் கிழமை இறால் விலையும் சற்று இறங்கியிருந்தது.

நாடகம் அவள் தேடிப் போனதல்ல. ஜெர்மனிக்குப் படிக்கப் போன மகள் லவீனா, அங்கே பாட்டுக்கார ஜெர்மன்காரன் ஒருவனைக் கைப்பிடித்தாள். அவன் மேடையில் பாடும் துண்டொன்றைக் கைபேசியில் பார்த்த கத்தரீனா, "உவன் என்ன, வள்ளம் கவிண்டவன் மாதிரிக் கத்திறான்" என்றுவிட்டாள். சொன்னது ஒரு நிமிடம், பட்டது மூன்று வருடம். லவீனா கோபத்தில் தாயை அப்படியே உரித்து வைத்தவள். "நாலு இரவு நாடகம் அம்மா அது. முழுக்கப் பாருங்கோ. விளங்கினாப் பிறகு சொல்லுங்கோ, அப்ப வாறன்" என்றவள், நாடகத்தை ஒரு பென் டிரைவில் அனுப்பிவிட்டு, பிறகு தகப்பனோடு மட்டுமே கதைத்தாள். பென் டிரைவ் மாதா சுரூபத்துக்குப் பின்னால் கிடந்தது. மூன்றாவது நத்தார்ப் பண்டிகைக்கும் மகளில்லாமல் பலகாரம் சுட்ட கத்தரீனா, கையைக் கழுவிவிட்டு வந்து அதைத் தொலைக்காட்சியில் சொருகினாள்.

கீழே ஓடிய ஆங்கில எழுத்தைக் கணவர் கனிசியஸ் வாசித்துச் சொன்னார். ஆற்றடியில் பொன், அதில் செய்த ஒரு மோதிரம், அதற்காக அடிபடும் தேவர்களும் பூதங்களும். பெரிய தெய்வமாகப் பாடியவன் மருமகன். தன் வீட்டைக் கட்டியவர்களுக்குக் கூலியாக மச்சாளைத் தருவதாகப் பேசிய அந்தத் தெய்வத்தைக் கத்தரீனாவுக்கு முதல் இரவே பிடிக்கவில்லை. கனிசியஸ் நாட்டுக்கூத்தில் ராசா வேடம் கட்டியவர். கூத்தில் ஆளாளுக்கு ஒரு வரவுப் பாட்டு. பாட்டு எழுந்தால் ஆள் மேடைக்கு வந்தாக வேண்டும். இங்கேயும் ஆளுக்கொரு மெட்டு இருப்பதை இருவரும் சட்டென்று பிடித்துவிட்டார்கள். ஆனால் மெட்டு வந்தது, ஆள் வரவில்லை. உடுத்து முடிக்காத நடிகர்களோடு கூத்தை நடத்தும் அந்த அண்ணாவியார் என்ன பாடு படுகிறாரோ என்று கனிசியஸ் இரக்கப்பட்டார். இரண்டாம் இரவில், வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கே மெட்டு ஊதினார்கள். பிறக்காதவன் எப்படி மேடைக்கு வருவான் என்று அலுத்துக்கொண்டே அந்த இரவின் மிச்சத்தையும் பார்த்தார்.

அடுத்த நாள் வீட்டு முன் ஒழுங்கையில் அது தொடங்கியது. மீன்கார ஜஸ்ரினின் மெட்டு கனத்த குழலில் திருப்பத்தில் கேட்டது; சைக்கிள் பிறகுதான் வந்தது. பாதரின் மெட்டு கேட்டதும் காசுக்குக் கடதாசி விளையாடியவர்கள் செபமாலையை எடுத்தார்கள். என்ன சமையல் என்று எட்டிப் பார்க்கும் பக்கத்து வீட்டு ஸ்ரெல்லாவின் மெட்டுக்கு எல்லோரும் குசினிக் கதவைச் சாத்தினார்கள். தனக்கும் ஒரு மெட்டு இருப்பதில் ஸ்ரெல்லாவுக்குப் பெருமைதான். ஒரு மாதத்தில் ஊர் பழகிவிட்டது.

கத்தரீனா வீட்டில் மட்டும் ஒரு மெட்டு வந்தது, ஆள் வரவில்லை. மீன் வெட்டும்போதும் உடுப்புக் காயப்போடும்போதும் வந்தது. நல்ல துள்ளல், முடிவில் ஒரு வீம்பு. ஒவ்வொரு முறையும் கத்தரீனா வாசல் படலைக்கு ஓடினாள். வெறும் ஒழுங்கை.

"பிள்ளையை நினைச்சனீரோ?" என்று கனிசியஸ் கேட்டார்.

"நினைக்கேல்லை" என்றாள். மெட்டு இன்னும் பலமாக எழுந்தது. மதிலுக்கு மேலால் ஸ்ரெல்லா எட்டிப் பார்த்தாள். கத்தரீனா கத்தியை வைத்துவிட்டு இருந்த இடத்திலேயே அழுதாள்.

"அந்த நாடகத்திலை ஆக்கள் பிந்தி வாறேல்லை, இஞ்சாருங்கோ. ஆரோ ஆரையோ நினைக்கினம். அதுதான் மெட்டு வருது" என்றாள்.

இரண்டாம் இரவை மறுபடி போட்டாள். சொல் கேளாத மகளை மலையில் உறங்க வைத்து, சுற்றி நெருப்பு மூட்டிவிட்டு, போக மனமில்லாமல் நிற்கும் தெய்வத்தில் தன்னைக் கண்டாள். மிச்ச இரண்டு இரவுகளுக்கும் ஆங்கில எழுத்துத் தேவைப்படவில்லை. முடிந்ததும் தானே மகளுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"விளங்கீட்டுது பிள்ளை. அந்தத் தெய்வம் மகளை விட்டிட்டுப் போகேக்கை நானும் அழுதனான். உன்ரை மனுசன் நல்லாப் பாடுறார். ரெண்டு பேரும் வாங்கோ."

ஆவணியில் வந்தார்கள். கத்தரீனா கூழ் காய்ச்சிக்கொண்டிருந்தபோது திருப்பத்தில் லவீனாவின் மெட்டு கேட்டது, அதன் பின்னால் நிதானமான ஒரு பெரிய மெட்டு. இரண்டுக்கும் நடுவில், ஒழுங்கையில் எவருக்கும் இல்லாத, கைக்குள் அடங்கும் அளவில் மூன்றாவது ஒன்று. ஓட்டோவிலிருந்து இறங்கியவர்கள் இரண்டு பேர்தான். கனிசியஸ் மூன்றாவது ஆளைத் தேடி ஓட்டோவுக்குள் குனிந்து பார்த்தார்.

கத்தரீனா பார்க்கவில்லை. மகளைக் கட்டிப்பிடித்து, அவள் கையிலிருந்த பையை வாங்கினாள்.

"பாரம் தூக்காதை, பிள்ளை" என்றாள். பிறகு குசினிக்குப் போய், கூழுக்கு இன்னும் கொஞ்சம் புளி விட்டாள்.