ஓரத்தில் எழுதிய வசனம்

புதன்கிழமைதோறும் பிற்பகலில், சாவகச்சேரியில் ஓய்வுபெற்ற ஆசிரியை சிவகௌரியின் முன்னறையில் ஏழெட்டுப் பெண்கள் கூடுவார்கள். வீட்டில் நோயாளரைப் பராமரித்தே களைத்துப்போனவர்கள் அவர்கள். ஒவ்வொருவருக்கும் ஏற்ற கதைப்புத்தகத்தை ஆசிரியை தெரிந்தெடுத்துக் கொடுப்பார். வாசிக்கையில் மனம் நொந்தால், வாயால் சொல்ல முடியாததைப் பக்க ஓரத்தில் பென்சிலால் எழுதவேண்டும். புத்தகம் திரும்பி வந்ததும் அதை வாசிக்காமலே அழித்துவிடுவதாக அவர் வாக்களித்திருந்தார். எழுதுவதும் அழிவதுமே மருந்து என்பது அவர் கொள்கை.

குணலட்சுமி அதை நம்பினாள். அவளுடைய கணவர் சீவரத்தினம் பாரிசவாதத்தில் கைகால் விழுந்து படுக்கையாகி ஆறு வருடங்கள். படுக்கையில் கிடக்கும் மாமியாரை மருமகள் துடைத்துவிடும் கதையொன்றின் ஓரத்தில் அவள் எழுதினாள்: "இரண்டு மணிக்கொருமுறை இவரைப் புரட்டிவிடுகிறேன். இந்த மூச்சு நின்றால் நான் போய்ப் படுக்கலாமே என்று ஒவ்வொரு முறையும் காது கொடுக்கிறேன்." புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்த அன்று, வீடு வரும்வரை அவளுக்குக் கால் நிலத்தில் பாவவில்லை.

மூன்று மாதங்களில் சீவரத்தினம் காலமானார். முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வந்தவர்களுக்கு அச்சடித்த நினைவு மலர் கொடுக்கவேண்டும் அல்லவா? அதில் மனைவியின் பெயரில் வரும் புலம்பலை மனைவி எழுதுவதில்லை. தமிழ் தெரிந்த ஒருவர் எழுதிக் கொடுப்பதே வழக்கம். மைத்துனர் இராசநாயகம் அந்தப் பொறுப்பைச் சிவகௌரியிடம் ஒப்படைத்திருந்தார்.

பந்தி முடிந்ததும், லண்டனிலிருந்து வந்திருந்த மகள் உதயகலா அந்தப் புலம்பலை உரக்க வாசித்தாள்:

"உங்கள் மூச்சு நின்றுவிடுமோ என்றஞ்சி, இரண்டு மணிக்கொருமுறை காது கொடுத்திருந்தேனே, என் துரையே!"

பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள்.

"எனக்கும் ரீச்சர்தான் எழுதவேணும்," என்றார் இராசநாயகம். "உயிரோடை இருக்கேக்கையே தந்தால், பிழை திருத்திப்போட்டுப் போவன்."

குணலட்சுமி எழுந்தாள். கிணற்றடியில் கை கழுவிக்கொண்டிருந்த சிவகௌரியிடம் போனாள்.

"ரீச்சர், ஓரத்திலை எழுதினதை வாசிச்சனீங்களோ?"

சிவகௌரி கையைச் சேலைத் தலைப்பில் துடைத்தார். காய்ந்த கையை மறுபடியும் துடைத்தார்.

"அழிக்கேக்கை கண்ணிலை பட்டிட்டுது, லட்சுமி. அருமையான வசனம். வீணாப் போகக்கூடாதெண்டுதான்..."

"வாசிக்கமாட்டன் எண்டு சொன்னியளே."

"உம்மடை பேர் கெடாமல்தானே மாத்தினனான்? இப்ப ஊரே உம்மைக் கையெடுத்துக் கும்பிடுது."

"மற்றவையின்ரையும் வாசிச்சனீங்களோ?"

சிவகௌரி வாளியைக் கவிழ்த்து வைத்தார்.

"ஆறு வருசத்திலை நான் சொன்ன உண்மை அது ஒண்டுதான் ரீச்சர். அதையும் பொய்யாக்கிப் போட்டியள்."

அதற்குள் உதயகலா ஓடிவந்து தாயைக் கட்டிக்கொண்டாள்.

"அம்மா! நீங்கள் அப்பாவைப் பாத்துச் சலிச்சுப் போனியளோ எண்டு, அங்கை இருந்து நான் எவ்வளவு பயந்தனான் தெரியுமே? இதெல்லாம் நீங்கள் சொல்லித்தானே ரீச்சர் எழுதினவ?"

சொல்லிவிடலாம். ஒரு சொல் போதும். ஆனால் மகளின் கண்ணில் ஆறு வருடக் குற்ற உணர்ச்சி கரைந்து வழிந்துகொண்டிருந்தது.

"ஓம், பிள்ளை," என்றாள் குணலட்சுமி.

"பாத்தீரே?" என்றார் சிவகௌரி, மெல்லிய குரலில்.